சமுகமில்லை

இரண்டு கிலோ நானூறு கிராம்.
நரிட்டா விமான நிலையத்தில் நிறுத்துச் சொன்னார்கள்.
ஒரு சட்ட பீடத்தின் நூறாண்டுக் கதை, நீல மட்டை.
மிச்சமாய்க் கிடந்த எழுபது பிரதிகளில் ஒன்றை
நூலக உதவியாளர் மியாதா என் கையில் திணித்தாள்:
கொண்டு போங்கள், எங்களுக்கு அலுமாரியில் இடம் வேண்டும்.

இப்போது அது உவர்மலையில்,
காற்றாடிக்குக் கீழே,
சத்தியக் கடதாசிகளைப் பறக்கவிடாமல் பிடிக்கிறது.
இந்த ஊரில் என்னைத் தவிர
ஒரு புள்ளிமான் மட்டும் அதை விசாரித்திருக்கிறது.
யன்னலால் தலை நீட்டி
மட்டையின் ஓரத்தை நக்கிவிட்டுப் போனது.

கரண்ட் இல்லாத இரவுகளில் வாசிக்கிறேன்,
அகராதியோடு, பக்கத்துக்கு ஒரு மணி நேரம்.

தொடக்கம் ஒரு கொட்டகையில்.
பட்டுக்கூடு உலர்த்திய வாடை. பதினொரு மாணவர்.
பிரெஞ்சுச் சட்டக்கோவை, பாதி மொழிபெயர்த்தது.
உரிமை என்று சொல்ல அவர்களிடம் அப்போது
ஒரு பழைய சொல் இல்லை.
ஒட்டிச் சேர்த்த புதுச் சொல்லின் எழுத்துகளைப்
பிரித்துப் பார்த்தேன்:
தராசுப் படிக்கல் ஒன்று.
நெற்கதிர், அதன் அருகிலேயே ஒரு கத்தி.
தனியே இருந்து சிரித்தேன்.
மூதூரில் எந்த வயற்காரனுக்கும்
இதை விளக்கத் தேவையில்லை.
நாங்களோ காணிக் கடதாசியை
உறுதி என்கிறோம்.
என் வாசலில் வந்து நிற்பவர்கள்
அது இல்லாதவர்கள்.

ஹம்சியா, வெள்ளைமணல்.
பூட்டன் அலியார் மரைக்காரின் தென்னந்தோட்டம்,
ஒன்றரை ஏக்கர்.
வழக்குப் பேசித் தோற்றதாம்.
எப்படித் தோற்றது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதிவறைக் கிருபைராசாவுக்கு
மூன்று நாள் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து
கறையான் மிச்சம் வைத்த கோவையை எடுத்தேன்.
சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து:
9.4.1942. வழக்கு அழைக்கப்பட்டது.
வழக்காளி சமுகமில்லை.
தள்ளுபடி.

அன்று காலை சீனக்குடாவுக்கு மேல்
விமானங்கள்.
தாங்கி எரிந்த கரும்புகை.
கோடு கூடியதா என்பதே எனக்குச் சந்தேகம்.
எழுதுவினைஞர் பின்னொரு நாள்
தூசி தட்டிவிட்டு, ஆறுதலாக இருந்து
எழுதியிருக்கலாம். மை வேறு நிறம்.
மரைக்கார் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி
கிண்ணியாப் பக்கம் வலித்துக்கொண்டிருந்திருப்பார்.
அழைத்த குரல் தண்ணீரைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து நீலப் புத்தகத்தில்
அதே மாதத்தைத் தேடினேன்.
இரண்டே வரி:
வழமைபோல் வகுப்புகள் தொடங்கின. புதியவர் எண்பத்து மூவர்.
செர்ரி இம்முறை முந்திப் பூத்தது.
முதல் விரிவுரை, நீண்டகால ஆட்சியால் வரும் காணியுரிமை.

அந்தப் பக்கத்தை அறைந்து மூட நினைத்தேன்.
மூடவில்லை, அடுத்த பக்கம் ஒட்டியிருந்தது.
மெல்லப் பிரித்தால்
மழைக்குள் வரிசையாய் அந்த எண்பத்து மூவர்,
தொப்பிக்குக் கீழே கண் தெரியவில்லை,
தோளில் புத்தகப் பை இல்லை, துவக்கு.
பிறகு வரவுப் பதிவேட்டின் படம்.
இருபத்தொன்பது பெயர்களுக்கு நேரே
ஒரே சிறு கோடு.
அந்தக் கோட்டுக்கு
அகராதி தேவைப்படவில்லை.

சட்டப்படி என் மனு நிற்காது.
காலம் கடந்தது, இடையில் மூன்று பேர் கைமாறியது,
எல்லாம் தெரியும். ஆனாலும் எழுதினேன்:
வழக்காளி அன்று சமுகமளிக்காமைக்குக் காரணம்.
எழுதிவிட்டு
அரை மணி நேரம் அந்த வரியோடேயே இருந்தேன்.
பிறகு ஒரு சொல் போட்டேன்: வானம்.
வெட்டினேன். குண்டுவீச்சு என்று திருத்தினேன்.

எதிர்த்தரப்புக் குணவர்தன மாத்தயா வாய்க்குள் சிரித்தார்.
நீதிபதி கோவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தொண்டையைச் செருமினார்.
ஒக்டோபர் பதினேழு.

பதினேழாம் தேதி.
முறாளி பெயரைக் கூப்பிட்டு
வாய் மூடுமுன்
கடைசி வாங்கிலில் எழும்பி நின்று,
தேவைக்கு மேல் உரத்து,
சபையே திரும்பிப் பார்க்க:
இருக்கிறேன், என்றாள் ஹம்சியா.